கட்டில் சட்டத்தில் ஒரு வாங்கு

கார்த்திகை விளக்கீட்டுக்கு முன்பே கடலுக்குள் இறங்கிவிடும் சூரியன், தைப்பொங்கல் கழிந்தும் எட்டிப் பார்க்காத ஊர் ஒன்று நோர்வேயின் வடக்கு முனையில் இருக்கிறது. ஹவ்நெஸ் என்று அதற்குப் பெயர். மீன் வெட்ட ஆள் வேண்டும் என்று அந்த ஊர் தேடிக்கொண்டிருந்த காலத்தில், உயிரோடு இருக்க ஓர் இடம் வேண்டும் என்று எங்கள் ஆட்களும் தேடிக்கொண்டிருந்ததால், வெயிலைத் தவிர வேறொன்றையும் அறியாத முப்பது நாற்பது குடும்பங்கள் அங்கே போய் இறங்கி, கையுறைக்கு மேல் கையுறை போட்டு மீனின் முள்ளை எடுக்கப் பழகி, சங்கம் ஒன்று வைத்து, அந்தச் சங்கத்துக்குள் இரண்டு தரம் சண்டை பிடித்துப் பிரிந்து மூன்றாம் தரம் சேர்ந்து, வராத சூரியனுக்குத் தெற்குச் சுவரைப் பார்த்தபடி பொங்கலும் பொங்கி, ஊருக்குப் பின்னால் முதுகு வளைத்துப் படுத்திருக்கும் மலைக்கு, அதன் நோர்வேப் பெயர் வாயில் நுழையாத காரணத்தால், ஒட்டகமலை என்று பெயரும் வைத்துவிட்டார்கள். ஒட்டகத்தை நேரில் கண்டவர் அவர்களில் ஒருவரும் இல்லை.

அந்த மலையின் அடிவாரத்தில், ஊரின் கடைசி வீட்டில், சோதிலிங்கமும் தவமலரும் இருந்தார்கள். பிள்ளைகள் இல்லை. தவமலர் ஊருக்குள் இருந்த முதியோர் இல்லத்தின் குசினியில் சமையல் வேலை செய்தாள். சோதிலிங்கம் மலைக்கு அந்தப் பக்கம், கடற்கரையோரம் இருந்த மீன் ஆலையில் வேலை செய்தார். மலையைச் சுற்றிப் போகும் வீதியைப் பனிப்புயல் மூடினால் பஸ் வராது. பஸ் வராவிட்டால் மற்றவர்கள் வீட்டில் இருந்து தேநீர் குடிப்பார்கள். சோதிலிங்கம் மட்டும், பழஞ்சாமான் சந்தையில் எடுத்த, பனியில் சறுக்கிப் போகும் நீண்ட ஸ்கீக் கட்டைகளைச் சப்பாத்தில் பூட்டி, இரண்டு கையிலும் ஊன்றுகோல் பிடித்து, மலையேறி இறங்கி வேலைக்குப் போவார். தலை நரைக்கத் தொடங்கிய பிறகு ஸ்கீ பழகிய மனிதர். வெள்ளைக்காரனுக்கு மருமகனாகப் போகிறார் என்று சங்கத்தில் பகிடி பண்ணுவார்கள். அவர் பதில் சொல்லமாட்டார். வீட்டிலும் அப்படித்தான். பேச்சில்லாத மனிதரோடு வாழ்ந்து வாழ்ந்து, கதவு சாத்தும் சத்தத்தில் அவருடைய கோபத்தையும் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைக்கும் விதத்தில் அவருடைய திருப்தியையும் அறிந்துகொள்ளத் தவமலர் பழகியிருந்தாள். ஆசையை மட்டும் எதில் பார்ப்பது என்று அவளுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

ஐப்பசிக் கடைசியில், அந்த வருடத்தின் முதல் பெரும்புயல் அன்று, அவர் வேலைக்குப் புறப்பட்டார். ஆலைக்குப் போய்ச் சேரவில்லை. ஹெலிகொப்டர் வந்து தேடியது, நாய்கள் வந்து மோந்தன, ஊரே சேர்ந்து நீளத் தடிகளால் பனியைக் குத்திக் குத்திப் பார்த்தது. மலை உச்சிக்குச் சற்றுக் கீழே இரண்டு ஸ்கீயும் இரண்டு ஊன்றுகோலும் பனியில் நட்டபடி நின்றன. ஆளைக் காணவில்லை. பொலிஸ்காரர் அவற்றைக் கொண்டுவந்து தவமலர் வீட்டுக் கொட்டிலில் சாத்தி வைத்துவிட்டு, தொப்பியைக் கழற்றி, மன்னிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். தவமலர் அழவில்லை. உடல் கிடைக்காத ஒருவருக்காக எந்த நேரத்தில் அழத் தொடங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

புதுப்பனி கொட்டி ஓய்ந்த ஒரு காலையில் அவள் குப்பை போட வெளியே வந்தபோது, கொட்டில் கதவிலிருந்து இரட்டைக் கோடு ஒன்று புறப்பட்டு, ஒட்டகமலையில் ஏறி, உச்சிக்குக் கிட்டப் போய்த் திரும்பி, மறுபடியும் கொட்டிலுக்கே வந்திருந்தது. இரண்டு பக்கமும் ஊன்றுகோல் குத்திய துவாரங்கள். இடது பக்கத் துவாரம் வலதைவிடக் கொஞ்சம் வெளியே தள்ளி விழுந்திருந்தது. சோதிலிங்கத்துக்கு இடது தோளில் ஷெல் துண்டு ஏறிய பழைய காயம், கையை நேராக நீட்டமாட்டார். தவமலர் கொட்டிலைத் திறந்து பார்த்தாள். ஸ்கீகள் ஈரமாக இருந்தன. சீலைத் துண்டொன்றை எடுத்து, அவற்றைத் துடைத்து, சாத்திய இடத்திலேயே சாத்தி வைத்துவிட்டு, பஸ் பிடித்து வேலைக்குப் போனாள்.

அடுத்த நாளும் கோடு இருந்தது. அதற்கடுத்த நாளும் இருந்தது. ஒரு கிழமைக்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. நோர்வேக்காரர் வந்து பார்த்து, கோடு நல்ல நேராக இருக்கிறது என்று தலையாட்டிவிட்டுப் போனார்கள். நகரசபை அந்தத் தடத்தின் ஓரமாக விளக்குக் கம்பம் நட்டு, இந்தப் பாதைக்கு இனித் தடம் வெட்டும் இயந்திரம் அனுப்பத் தேவையில்லை என்று முடிவெடுத்து, லிங்கம் தடம் என்று பலகையும் மாட்டியது. சங்கம் அவ்வளவு சுலபமாக முடிக்கவில்லை. சங்கத்துக்குப் பெரிய சிக்கல் தவமலரின் நெற்றியில் இருந்தது.

பொட்டு வைப்பதா, அழிப்பதா? தாலியைக் கழற்றுவதா, கழுத்திலேயே விடுவதா? ஒஸ்லோவில் இருந்த ஐயருக்கு ஃபோன் போட்டார்கள். உடல் கிடைக்காதவருக்குத் தர்ப்பையில் உருவம் செய்து எரித்து, பிறகு அந்தியேட்டி செய்யலாம், சாத்திரத்தில் இடம் இருக்கிறது என்றார் ஐயர். ஆனால் தினமும் ஸ்கீ ஓடுகிற ஒருவரை எப்படி எரிப்பது என்று கேட்டபோது, அதற்குத் தன்னிடம் புத்தகம் இல்லை என்று ஃபோனை வைத்துவிட்டார். சங்கத் தலைவர் அமிர்தநாயகம் கத்தோலிக்கர். இந்துக்களின் துடக்கு, எட்டுச்செலவு போன்ற சாவுச் சடங்கு விவகாரங்களில் இந்துக்களைவிட உறுதியான கருத்து வைத்திருந்தவர். அவர்தான் எழுந்து நின்று தீர்ப்புச் சொன்னார்.

"ஒவ்வொரு நாளும் வீட்டுக்குத் திரும்பி வாற மனிசன்ர பெண்சாதி எப்பிடிப் பொட்டை அழிக்கிறது? தங்கச்சி பொட்டு வைக்கட்டும். தடம் இருக்குமட்டும் ஆள் இருக்கு."

அப்படியே முடிவாகியது. துக்க வீட்டுக்கு என்று கொண்டுவந்த சாப்பாட்டை, நோயாளி இருக்கும் வீட்டுக்குக் கொண்டுவருவதுபோலக் கொண்டுவரத் தொடங்கினார்கள். வந்தவர்கள் சோதிலிங்கம் அண்ணை எப்படி இருக்கிறார் என்று கேட்டார்கள். நேற்று உச்சிக்குப் பக்கத்தில் போய்விட்டார், இன்று கொஞ்சம் குறைவு என்று தவமலரும் சொன்னாள். ஒரு வாழ்நாள் முழுவதும் அவரைப்பற்றி அவளிடம் யாரும் இவ்வளவு விசாரித்ததில்லை.

பிறகு பிள்ளைகள் வந்தார்கள். தமிழ்ப் பிள்ளைகள் பள்ளிக்கூட ஸ்கீப் போட்டிகளில் காலங்காலமாகக் கடைசியில் வருபவர்கள், அதற்கு அவர்களுடைய தகப்பன்மார் காலநிலையையும் மரபணுவையும் காரணம் காட்டுவார்கள். சோதிலிங்கத்தின் தடத்தில் கால் வைத்ததும் பிள்ளைகளுக்கு ஸ்கீ தானாக வந்தது. தடம் அவர்களுடைய காலைப் பிடித்து அடுத்த அடி எங்கே என்று சொல்லிக் கொடுத்தது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு முடிந்ததும் எல்லோரும் தவமலர் வீட்டு முன்னால் கூடி, சோதி மாமாவின் கோட்டில் வரிசையாக ஏறி இறங்கினார்கள். பங்குனியில் நடக்கும் மாகாணப் போட்டியில் இந்த முறை எங்கள் பிள்ளைகளுக்குத்தான் கிண்ணம் என்று, பாராட்டு விழாவுக்கு அமிர்தநாயகம் இப்போதே மண்டபத்துக்குச் சொல்லிவைத்துவிட்டார்.

தவமலரோடு குசினியில் வேலை செய்பவள் ஜெசிந்தா. வயதில் இளையவள், வாய் ஓயாதவள், தவமலருக்கு அந்த ஊரில் இருந்த ஒரே சிநேகிதி. மார்கழியில் ஒரு நாள் அவள்தான் அதைக் கவனித்தாள்.

"அக்கா, உவர் களைச்சுப் போறார். பாருங்கோ, போன கிழமை அந்தக் கல்லு மட்டும் போனவர், இப்ப அதுக்குக் கீழயே திரும்பிறார். கட்டையளைத் தொட்டுப் பாருங்கோ, சொரசொரவெண்டு கிடக்கு. இதுக்கு மெழுகு பூசோணுமாம்."

"ஆருக்கடி அது தெரியும்? அவர்தான் தனியக் கொட்டிலுக்க நிண்டு ஏதோ செய்வார். நான் ஒரு நாளும் எட்டிப் பாக்கேல்லை."

"மெழுகு பூசுறதுக்கு என்ன படிப்பு? வழுக்கிறதுக்குத்தானே பூசுறது. நல்லா வழுக்கினா அவருக்குச் சுகம்."

இந்த இடத்தில் எங்கள் ஆட்களைக் குறை சொல்வதற்கில்லை. பாம்புக்கும் பாசிக்கும் பயந்து வளர்ந்தவர்களுக்கு, பனியில் போகிற கட்டை வழுக்க வேண்டும் என்பது மட்டும்தான் தெரியும், அதே கட்டை ஓரிடத்தில் ஒட்டவும் வேண்டும் என்று கனவிலும் தோன்றாது. பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்த ஸ்கீகள் மெழுகே தேவைப்படாத புதுவகை. ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண்கள் எல்லோரும் தவமலர் வீட்டில் கூடி, சாப்பாட்டுக் கதிரைகளை எதிரெதிரே வைத்து, அவற்றின் முதுகுகளில் ஸ்கீகளைக் கிடத்தி, கடையில் வாங்கிய வழுக்கு மெழுகை இஸ்திரிப்பெட்டியின் சூட்டில் உருக்கி, நுனியிலிருந்து வால் வரைக்கும் ஓரிடம் விடாமல், எண்ணெய் வைத்துத் தலை வாருவதுபோல வழித்து வழித்துப் பூசினார்கள். ஸ்கீகள் கதிரையில் நில்லாமல் ஆடின. ஒருத்தி பிடித்தாள், ஒருத்தி தேய்த்தாள், ஒருத்தி தேவாரம் பாடினாள், ஜெசிந்தா மாதாவுக்கு ஒரு செபமும் சொன்னாள். அண்ணைக்குப் பாதை லேசாகட்டும் என்று எல்லோரும் உண்மையான அன்போடுதான் செய்தார்கள்.

மறுநாள் காலையில் தடம் மலையின் பாதியைக்கூட எட்டவில்லை. ஏறிய கோடும் சறுக்கி வந்த கோடும் ஒன்றன்மேல் ஒன்றாகக் குழம்பிக் கிடந்தன. ஆனால் இந்த முறை கோடு கொட்டிலோடு நிற்காமல் வீட்டு வாசல்வரை வந்திருந்தது. வாசற்படியின் பனியில் ஓர் ஆள் உட்கார்ந்த பள்ளம் இருந்தது. தவமலர் அந்தப் பள்ளத்தின் பக்கத்தில் குந்தி, கையுறையைக் கழற்றி, விறைக்கும்வரை அதற்குள் கையை வைத்துக்கொண்டிருந்தாள். கல்யாணம் முடித்த நாளிலிருந்து அவர் அவளுக்காக ஒரு நாளும் வாசலில் காத்திருந்ததில்லை. அன்றைக்கு அவளுக்குச் சந்தோஷம் தாங்க முடியவில்லை, அதை மறைப்பதில் பயனில்லை.

அன்று தொடக்கம் வேலையால் வந்ததும் அவளுடைய முதல் வேலை மெழுகு பூசுவதாயிற்று. கதிரைகளை இழுத்துப் போடுவாள், இஸ்திரிப்பெட்டியைச் சூடாக்குவாள், நுனியிலிருந்து வால் வரைக்கும் பூசுவாள். பூசப் பூச அவர் சீக்கிரம் திரும்பினார். பூசப் பூச வாசற்படிப் பள்ளம் ஆழமானது. படியில் ஒரு தேத்தண்ணியும் வைப்பாள். காலையில் அது கிளாஸோடு உறைந்திருக்கும். அதை உள்ளே எடுத்து வந்து, உருக்கி, தானே குடிப்பாள்.

தைப்பொங்கலுக்கு முதல்நாள் மெழுகு முடிந்துவிட்டது. விளையாட்டுச் சாமான் கடையில் ஆரணி விற்பனைக்கு நின்றாள். ஹவ்நெஸ்ஸில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளை, சின்ன வயதிலிருந்தே நோர்வேப் பிள்ளைகளோடு ஓடிப் பழகியவள். தவமலர் எடுத்து வைத்த மெழுகுக் கட்டிகளைப் பார்த்ததும் அவளுடைய கண் விரிந்தது.

"அன்ரி, இவ்வளவும் ஒரு சோடி ஸ்கீக்கோ? எங்க பூசுறியள்?"

"முழுக்கத்தான் பிள்ளை."

"நடுவிலயுமோ?" ஆரணி சிரித்துவிட்டாள். "ஐயோ அன்ரி, நடுவில இதைப் பூசினா ஆள் ஏறவே மாட்டார். மிதிக்க மிதிக்கப் பின்னால வருவார். முன்னுக்கும் பின்னுக்கும்தான் வழுக்கோணும். காலுக்குக் கீழ ஒட்டுற மெழுகு பூசோணும். அது பனியைப் பிடிக்கும், பிடிச்சாத்தானே உந்தி ஏறலாம்? சோதி மாமா அதை வலு கவனமாச் செய்வார். என்னட்டத்தான் வாங்குறவர், நீல மெழுகு."

ஆரணி பாவம், சொல்லிக்கொண்டே போனாள். கதிரையில் வைத்துச் செய்ய முடியாது, ஆடினால் மெழுகு ஒழுங்காகப் பிடிக்காது, இதற்கென்று வாங்கு இருக்கிறது என்று மூலைக்குக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினாள். வாங்கு என்று நாங்கள் சொல்லும் நீளப் பலகைதான், ஆனால் ஒரு சாண்கூட அகலமில்லாதது, உட்கார உதவாதது, இடுப்புயரக் கால்களில் நின்றது. மேலே நுனியைத் தாங்க ஒரு முட்டு, வாலைத் தாங்க ஒரு முட்டு, நடுவில் ஸ்கீயின் பூட்டு இறங்குவதற்கு ஒரு வெட்டு. அதில் கிடத்தினால் ஸ்கீ அசையாது.

"உதை மாமான்ர ஸ்கீக்கு எடுத்து வைக்கட்டோ அன்ரி? நானே கொண்டந்து பூட்டித் தாறன்."

"இப்ப வேண்டாம் பிள்ளை," என்றாள் தவமலர். வழுக்கு மெழுகை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

அன்று மாலையும் அவள் கதிரைகளை இழுத்துப் போட்டு, நுனியிலிருந்து வால் வரைக்கும் பூசினாள். நடுவிலும் பூசினாள். அதுவரை செய்தது அறியாத்தனம். அன்றைக்குச் செய்தது அப்படி அல்ல என்று அவளுக்குத் தெரியும். பூசி முடித்து, ஸ்கீகளைக் கொட்டிலில் கொண்டுபோய்ச் சாத்தினாள்.

பொங்கல் பானையைத் தெற்குச் சுவருக்கு நேரே வைத்துவிட்டு நின்றபோது ஜெசிந்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ஜெசிந்தா அகப்பையைக் கீழே வைத்தாள்.

"அப்ப, சரியாப் பூசினா அவர் மலையைத் தாண்டிப் போயிடுவாரோ?"

"போயிடுவார்."

"திரும்பி வரமாட்டாரோ?"

"வேலைக்குப் போறவர் வேலையிடத்துக்குப் போனாப் பிறகு என்னத்துக்கடி பாதியில திரும்பிறது?"

ஜெசிந்தா அகப்பையை மறுபடி எடுத்து, "அப்ப ஏன் அக்கா சரியாப் பூசோணும், இப்பிடியே இருக்கட்டுமன்," என்றாள்.

ஜெசிந்தாவுக்குச் சொன்னால் அது சங்கத்துக்குச் சொன்ன மாதிரி. அமிர்தநாயகம் நேரே வந்து, சப்பாத்துக் கழற்றாமலே வாசலில் நின்று, பங்குனிப் போட்டி மட்டும் முடியட்டும் தங்கச்சி, பிள்ளைகளின் எதிர்காலம் என்றார். பொட்டுப் போய்விடும் என்று பெண்கள் அழுதார்கள். நகரசபையிலிருந்து ஒருவர் வந்து, இந்தக் குளிர் மாரியில் இயந்திரத்துக்கு ஒதுக்கிய பணத்தை வேறு வேலைக்கு மாற்றிவிட்டோம் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். ஒருவரும் கெட்டவர்கள் இல்லை. ஒவ்வொருவருக்கும் சோதிலிங்கம் அந்த மலையைத் தாண்டாமலிருக்க ஒரு நல்ல காரணம் இருந்தது. தவமலருக்கும் இருந்தது. ஆகவே ஊர் முழுவதும் சேர்ந்து, ஒரு மனிதரை மேட்டில் ஏறவிடாமல், மெழுகு பூசிக்கொண்டிருந்தது.

மலைச்சரிவு மாறத் தொடங்கியது. முதலில் விழுந்த அடையாளங்கள் ஒன்றிரண்டு தெரிந்தன. பிறகு சரிவெல்லாம் அவையாகவே இருந்தன. முழங்கால் ஊன்றிய குழி, உள்ளங்கை பதிந்த குழி, பக்கவாட்டில் ஒரு முழு உடம்பு சரிந்த நீளம். ஓரிடத்தில் ஸ்கீக்கோடே இல்லை, கட்டைகளைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு இடுப்பளவு பனியில் தவழ்ந்து ஏறப்பார்த்த உழவு மட்டும் இருந்தது. பிள்ளைகள் அந்தக் குழிகளைச் சுற்றி ஓடினார்கள். சோதி மாமாவுக்கு வயது போகிறது என்று ஒரு சின்னப் பெண் தாயிடம் சொன்னாளாம்.

தவமலர் சரிவைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். வாசற்படியை மட்டும் பார்த்தாள். அதுதான் தனக்குரியது என்று வைத்துக்கொண்டாள். அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் ஒரு காலை, அத்தனை நாளும் கண்ணுக்கு முன்னால் இருந்ததைக் கண்டாள். உட்கார்ந்த பள்ளத்துக்கு முன்னால் இரண்டு சப்பாத்துக் குழிகள். அவற்றின் பெருவிரல் பக்கம் மலையைப் பார்த்திருந்தது. பள்ளத்தின் பின்விளிம்பு, முதுகு சாய்ந்து சாய்ந்து, கதவுப் பக்கமாகத் தேய்ந்திருந்தது. தேத்தண்ணிக் கிளாஸ் அவருடைய முதுகுக்குப் பின்னால் வைக்கப்பட்டிருந்தது. அவர் ஒரு நாளும் கதவைப் பார்த்து உட்காரவில்லை. அவளுக்காகக் காத்திருந்தவர் அல்ல. மறுபடி ஏறுவதற்கு மூச்சு எடுத்துக்கொண்டிருந்தவர்.

தவமலர் அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. உள்ளே வந்து அறைக்குள் நின்று சுற்றிலும் பார்த்தாள். கடை வாங்கை எடுக்கலாம். ஆரணி கொண்டுவந்து பூட்டித் தருவாள். ஆனால் ஆரணி கொண்டுவந்தால் ஊர் பின்னால் வரும், ஊர் வந்தால் இன்னொரு கூட்டம் வைக்கும், கூட்டம் வைத்தால் தன்னுடைய மனம் மாறிவிடும் என்று தவமலருக்குத் தன்னைப்பற்றி நன்றாகத் தெரியும். கட்டிலில் இருந்த மெத்தையை இழுத்து நிலத்தில் போட்டாள். இரண்டு பேர் படுக்கும் பைன் மரக் கட்டில், இந்த வீட்டுக்கு வந்த வருடம் வாங்கியது. அதன் நீளப்பக்கச் சட்டம் ஒன்றை ஆணி கழற்றி எடுத்தாள். ஒரு சாண்கூட அகலமில்லை, ஆள் நீளத்துக்கு மேல் நீளம். கடையில் பார்த்த பலகையேதான்.

வெட்டுவதற்கு வீட்டில் வாள் இல்லை. ரொட்டி வெட்டும் கத்தியால் நடு வெட்டை அராவிக்கொண்டிருந்தபோது அமிர்தநாயகம் வந்தார். பொங்கலுக்குப் பிறகு தினமும் வந்து மெழுகு பூசியாயிற்றா என்று கேட்டுவிட்டுப் போவது அவர் வழக்கமாகியிருந்தது. பிரித்த கட்டிலையும் நிலத்தில் கிடந்த மெத்தையையும் அவள் கையிலிருந்த கத்தியையும் பார்த்தார்.

"என்ன தங்கச்சி செய்யிறாய்?"

"வாங்கு செய்யிறன் அண்ணை."

"போட்டிக்கு இன்னும் ரெண்டு மாசம்தானே கிடக்கு. பிள்ளையள் எவ்வளவு ஆசையா..."

"அண்ணை, ஒருக்கா வெளியில போய் அந்தச் சரிவைப் பாத்திட்டு வாங்கோ. ஓடுற பிள்ளையளைப் பாக்க வேண்டாம். சரிவைப் பாருங்கோ."

அவர் போனார். விளக்குக் கம்பங்களின் கீழே நெடுநேரம் நின்றார். வரும்போது முகம் வேறாக இருந்தது. மண்டபத்துக்குச் சொல்லிவைத்த மனிதர், கிண்ணம் வைக்க அலுமாரியில் இடம்கூட ஒதுக்கிய மனிதர், சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"ரொட்டிக் கத்தியால மரம் வெட்டேலாது," என்றார். "பொறு, என்ர வாளைக் கொண்டு வாறன்."

இரண்டு பேருமாக வெட்டினார்கள். சட்டத்தின் மிச்சத்திலும் தலைமாட்டுப் பலகையிலும் கால்கள் செய்தார்கள். நுனி முட்டு, வால் முட்டு, நடு வெட்டு. பின்னேரம் ஜெசிந்தா வந்து, ஒன்றும் கேளாமல், வாய் ஓயாதவள் வாயே திறக்காமல், ஆணிகளைப் பொறுக்கிப் பொறுக்கிக் கொடுத்தாள். ஆரணிக்கு ஃபோன் போட்டு நீல மெழுகும், பழைய மெழுகைக் கழுவும் எண்ணெயும், தேய்ப்பதற்குத் தக்கையும் எடுப்பித்தார்கள். ஆரணி அவற்றை வாசலில் கொடுத்துவிட்டு, மிதிக்கும் இடத்தின் தொடக்கம் எது, முடிவு எது என்று ஸ்கீயின் விளிம்பில் பென்சிலால் கோடு போட்டுக் காட்டிவிட்டு, யாரும் சொல்லாமலே விஷயத்தை விளங்கிக்கொண்டு, கண்ணைத் துடைத்தபடி போனாள்.

எல்லோரும் போன பிறகு தவமலர் முதல் ஸ்கீயை வாங்கில் கிடத்தினாள். அது அசையவில்லை. தான் கிழமைக்கணக்கில் பூசிய மெழுகையெல்லாம் எண்ணெய் தொட்டு, துடைத்து, மறுபடி தொட்டு, அடிப்பலகை மங்கலாகும்வரை எடுத்தாள். முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் வழுக்கு மெழுகை உருக்கி ஊற்றி, ஆறவிட்டு, சுரண்டி, பிரஷால் வாரினாள். நடுவுக்கு, பென்சில் கோடு இரண்டுக்கும் இடையில், நீல மெழுகை மெல்லியதாகப் பூசித் தக்கையால் தேய்த்தாள். தேய்த்ததன்மேல் இன்னொரு பூச்சு, அதன்மேல் இன்னொரு தேய்ப்பு. விரலை வைத்தால் விரல் ஒட்டியது. இரண்டாவது ஸ்கீயையும் அப்படியே செய்தாள். அவருடைய உடம்பைத் தொட்டு இவ்வளவு நேரம் தான் ஒரு நாளும் பராமரித்ததில்லை என்று நினைத்தாள், அவரும் விட்டிருக்கமாட்டார் என்றும் நினைத்தாள். பிறகு ஸ்கீகளைக் கொட்டிலுக்குக் கொண்டுபோய், சுவரில் சாத்தாமல், நுனி மலையைப் பார்க்க நிலத்தில் வைத்துவிட்டு வந்தாள்.

காலையில் கொட்டில் வெறுமையாக இருந்தது. ஸ்கீகள் இல்லை, ஊன்றுகோல்கள் இல்லை. கதவிலிருந்து ஒரே ஒரு இரட்டைக் கோடு புறப்பட்டு, பழைய குழிகளையெல்லாம் மூடியிருந்த புதுப்பனியின்மேல், ஒட்டகமலையில் நேரே ஏறியது. திரும்பி வந்த கோடு இல்லை. சனிக்கிழமை ஆகையால் பிள்ளைகள் வந்திருந்தார்கள். தாய் தகப்பன்மாரும் வந்திருந்தார்கள். ஒருவரும் அந்தக் கோட்டில் கால் வைக்கவில்லை. பெண்கள் தவமலரைப் பிடித்து உள்ளே கொண்டுபோகப் பார்த்தார்கள், ஐயருக்கு ஃபோன் போட வேண்டும், செய்யவேண்டியவற்றை இனிச் செய்யலாம் என்றார்கள். செய்யலாம், செய்யுங்கோ என்றாள் தவமலர். கைகளை விடுவித்துக்கொண்டு, கோட்டுக்குப் பக்கமாக மலையில் நடக்கத் தொடங்கினாள். ஜெசிந்தா மட்டும் பின்னால் ஓடினாள்.

மதியமாகியும் வெளிச்சம் நீலமாகத்தான் இருந்தது. முழங்கால் புதையப் புதைய ஏறினார்கள். தவமலர் ஏறும்போதே கோட்டைப் பார்த்துக்கொண்டு ஏறினாள். விழுந்த இடம் இல்லை, சறுக்கிய இடம் இல்லை, ஒவ்வொரு மிதியும் பிடித்திருந்தது. வழக்கமாகத் திரும்புகிற கல்லைக் கடந்தது. ஸ்கீகளைக் கண்டெடுத்த இடத்தைக் கடந்தது. அவளுக்கு வேண்டியது உச்சியில் இருந்தது. யாரிடமும் சொல்லாமல் அதற்காகத்தான் ஏறினாள். மேடு ஏறி முடித்த எந்த மனிதரும் உச்சியில் ஒருமுறை நிற்பார். நின்றால் கட்டைக்குக் கீழே பனி அழுந்தி மினுங்கும், ஊன்றுகோல் குத்திய துவாரம் ஆடி ஆடி அகலும். திரும்பிப் பார்த்தால் பாரம் ஒரு பக்கம் சாய்ந்து, அந்தப் பக்கத்துக் கோடு ஆழமாகும். அந்த மாரி முழுவதும் பனியைத் தவிர வேறொன்றையும் வாசிக்காத அவளுக்கு அது போதும், அந்த ஒரு சின்ன ஆழம் போதும், மிச்ச வாழ்நாளை அதை வைத்துக்கொண்டு கழித்துவிடலாம்.

உச்சியில் குந்தியிருந்து பார்த்தாள். கையுறையைக் கழற்றி, கோட்டின் அடியில் விரலை வைத்து, முன்னும் பின்னும் தடவினாள். கோடு இந்தப் பக்கமிருந்து வந்து, ஒரே ஆழத்தில், ஒரே நேரில், ஊன்றுகோல் துவாரங்களின் இடைவெளிகூடக் குறையாமல், உச்சியைத் தாண்டி, அந்தப் பக்கத்து இருட்டுக்குள் இறங்கியிருந்தது.

ஜெசிந்தா மூச்சு இளைக்க வந்து சேர்ந்தாள். "அக்கா, நிண்டு பாத்தவரோ?"

"இல்லை."

"ஒருக்காவும் நிக்கேல்லையோ?"

"இல்லையடி," என்றாள் தவமலர். "மெழுகு நல்லாப் பிடிச்சிருக்கு." பிறகு, அந்த மாரியில் முதல் தடவையாக, வாய்விட்டு அழுதாள்.